சோமாலியில் நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

“மா நபத் பா?” என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார். ஆண்கள் வார்டில் பார்வையாளர் நேரம். ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி நாலைந்து பேர். ஆரஞ்சு உரிக்கும் வாசனை, டெட்டால் வாசனை, ஃபிளாஸ்க் மூடி திருகும் சத்தம். அவர் கட்டிலருகே மட்டும் நான் ஒருவன், கையில் ஆபீஸ் ஃபைலோடு.

இன்னொரு முறை கேட்டேன். மா நபத் பா? சமாதானமா? அவர்கள் ஊரில் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் இதைத்தான் கேட்பார்களாம்.

எழுந்து உட்கார்ந்தார். என் முகத்தையே பார்த்தார். பிறகு மரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி ஒரு குரலில், “வா நபத்” என்றார். சமாதானம்தான். சொல்லிவிட்டுப் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழு வாரமாக அவருடைய பாஷையில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

பிள்ளைகளே, போன வாரம் நான் எழுதி அனுப்பிய, டிராமில் குடையைத் தொலைத்த கதையைப் படித்துவிட்டுச் சின்னவன் ஃபோனில் சிரித்தான். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை. குளிக்கும்போது அப்பா ஏதோ உளறுகிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் கேலி செய்தீர்களே, அந்த நாட்களைப் பற்றி எழுதுகிறேன். இத்தனை வருஷமாக உங்களிடம் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லாததற்கு வெட்கம்தான் காரணம்.

எங்கேயும் அனுப்ப முடியாதவர்

கிதர்பூர் டாக்கை ஒட்டி ஒரு சின்னக் கப்பல் ஏஜென்சியில் நான் குமாஸ்தா. உங்களுக்கு அது தெரியும். அங்கே நான் என்ன செய்தேன் என்பது தெரியாது. கப்பல் வந்தால் அதற்கு வேண்டிய காகிதங்கள் எல்லாம் எங்கள் பொறுப்பு. உடம்பு சரியில்லாத மாலுமியை இறக்கிவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டால், அவரும் எங்கள் காகிதங்களில் ஒன்றாகிவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்படி இறக்கிவிடப்பட்டவர் வர்சமே. சோமாலியாக்காரர். கப்பலில் எஞ்சின் ரூமில் எண்ணெய் போடும் வேலை. நாற்பது வயதிருக்கும். நெட்டையான ஆள், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வெளியே அவர் பாதம் நீட்டிக்கொண்டிருக்கும். தொண்டையில் கட்டி. ஜாதவ்பூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதலில் ரேடியேஷன் கரண்ட் வைத்துப் பார்ப்போம், கரையாவிட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர்.

வேறு ஊர்க்காரர் என்றால் தூதரகத்துக்கு எழுதி, டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவோம். இவரை எங்கே அனுப்ப? அவர் நாட்டில் சண்டை. அரசாங்கம் என்ற ஒன்றே இல்லை. பெண்டாட்டி ஹலிமோவும் மூன்று பிள்ளைகளும் எல்லை தாண்டிக் கென்யாவில் ஏதோ ஒரு அகதி முகாமில் இருந்தார்கள். மொம்பாசா துறைமுகத்தில் கடை வைத்திருந்த ஒரு சொந்தக்காரரின் விலாசம்தான் அவர் கையிலிருந்த ஒரே விலாசம்.

வீட்டுக்குத் தெரிவிக்காமல் ஆபரேஷன் செய்யக்கூடாது, தெரிவித்ததற்கு ஒரு கடிதம் ஃபைலில் இருக்க வேண்டும் என்றார் எங்கள் மானேஜர் பாபு. அவருக்கென்ன, சொல்லிவிட்டார். வர்சமேவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் எஞ்சின் ரூம் இங்கிலீஷ். ஆயில், ஹாட், ஸ்டாப், ஃபுல், டுமாரோ. எழுதப் படிக்க எந்த பாஷையிலும் தெரியாது. கல்கத்தா முழுக்க விசாரித்துப் பார்த்தேன். சோமாலி தெரிந்த ஆள் ஒருவர்கூட அகப்படவில்லை.

வெள்ளைக்காரருக்கு எழுதிய புத்தகம்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் காலேஜ் ஸ்ட்ரீட் போனேன். பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர், எல்லோரும் அங்கிருந்து ஓடி வருகிறார்கள், நீங்கள் எதற்கு அண்ணா அங்கே போகிறீர்கள் என்று வங்காளியில் கேட்டுக்கொண்டே மூன்று அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை உருவினார். அட்டையில் எலி கடித்த அடையாளம். இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கான சோமாலி இலக்கணம்.

இங்கிலீஷ் பேசுகிறவனா நான்? எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் ஒரு தடவை கோட்டைவிட்டு, அக்டோபரில் எழுதித் தேறியவன். அந்தப் புத்தகமோ என்னை வெள்ளைக்காரன் என்றே நினைத்துக்கொண்டு பேசியது. ஒவ்வொரு பக்கத்திலும் என்னிடம் மன்னிப்புக் கேட்டது. ‘வினைச்சொல் கடைசியில் வருவது இங்கிலீஷ் மாணவருக்கு விசித்திரமாகத் தோன்றலாம்’ என்றது. எனக்கு என்ன விசித்திரம்? ‘நான் சோறு சாப்பிட்டேன்’ என்றுதானே நம் வீட்டிலும் சொல்கிறோம்.

இன்னொரு பாடம். சோமாலியில் இரண்டு ‘நாம்’ உண்டு. எதிரில் இருப்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘இன்னகா’, அவரை விட்டுவிட்டுச் சொன்னால் ‘அன்னகா’. வெள்ளைக்காரருக்குப் புரியவைக்க அந்த ஆசிரியர் இரண்டு பக்கம் பாடுபட்டிருந்தார். நாம், நாங்கள். டிராம் ஒரு நிறுத்தம் தாண்டுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. டெஃபனிட் ஆர்ட்டிகிள், சப்ஜங்டிவ் என்றெல்லாம் வரும். பெரியவளின் ஸ்கூல் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் அது என்ன என்று பார்ப்பேன். அதாவது, சோமாலி படிப்பதற்காக இங்கிலீஷ் படித்தேன். முன்னுரை ஆறு பக்கம் இருந்தது. அதைப் படிக்கவில்லை. பரீட்சைக்குப் படித்தே பழகியவன். முதல் பாடத்திலிருந்துதான் எனக்குப் புத்தகம்.

தொண்டையிலிருந்து வரும் எழுத்து

வியாழக்கிழமை தோறும் ஆபீஸ் வேலையாக ஆஸ்பத்திரி போவேன். மற்ற நாட்களில் வேலை முடிந்து நானாகவே போக ஆரம்பித்தேன். அவர் என்னை ‘வலால்’ என்று கூப்பிடுவார். சகோதரன் என்று அர்த்தம்.

சோமாலியில் தொண்டையின் அடியிலிருந்து வருகிற இரண்டு எழுத்துகள் உண்டு. இதைக் காகிதத்தில் விளக்க முடியாது, அந்த ஊர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளவும் என்று புத்தகம் கைகழுவிவிட்டது. வர்சமே என் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துச் சொல்லிக் காட்டினார். எழுத்து எங்கே பிறக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பக்கத்திலேயே கோலிக்குண்டு மாதிரி அந்தக் கட்டியும் விரலில் பட்டது. கையை எடுத்துக்கொண்டேன். அவர் சிரித்து, மறுபடியும் என் விரலை எடுத்து அங்கேயே வைத்தார்.

வார்டு நர்ஸ் ஷிப்ரா-தி எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவரிடம், “கீ மாஸ்டர்மொஷாய், பாஸ்?” என்று கேட்பாள். என்ன வாத்தியாரே, பையன் பாஸா என்று. வர்சமே தலையை இடவலமாக ஆட்டுவார், ஃபெயில் என்று.

வீட்டில் நீங்கள் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? காளிகாட் வீட்டின் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று பெரியவள், “அப்பா, கீ போல்ச்சோ துமி?” என்று, என்ன சொல்கிறாய் என்று, வங்காளியில் கத்துவாள். சின்னவன் தொண்டையைச் செருமிக் காட்டுவான். அந்தச் செருமல் நான் சொன்னதைவிடச் சரியாக இருந்தது.

“நடுவுல நீங்க எதுக்கு?”

கரண்ட் வைத்தும் கட்டி கரையவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கப்புறம் பேச முடியாது என்பதை டாக்டர் கையால் காட்டியே அவருக்கு விளக்கிவிட்டார்.

அடுத்த நாள் போனபோது வர்சமே எனக்காகக் காத்திருந்தார். தன் வாயைத் தொட்டுக் காட்டினார். “கேசட்” என்றார். பிறகு “ஹலிமோ” என்றார்.

இதை நான் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். நன்றாகவே புரிந்தது. கேசட்டில் பேசிப் பெண்டாட்டிக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். நம் வீட்டில் டூ-இன்-ஒன் இருந்தது. நீங்கள் ஸ்கூல் பாட்டெல்லாம் பதிந்து விளையாடியதுதான். ஒரு பட்டனை அமுக்கினால் போதும்.

வீட்டில் இதைச் சொன்னேன். உங்கள் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“அப்ப அவரு பேசறத அப்படியே கேசட்ல புடிச்சு அனுப்பிடுங்க. நடுவுல நீங்க எதுக்கு?”

கேசட்டை ஃபைலில் வைக்க முடியுமா, வழியில் அழிந்துபோனால் யார் ஜவாப்தாரி, கடிதம் என்றால் கடிதம்தான் என்று என்னென்னவோ சொன்னேன். ஆபீசில் அப்படித்தான். வாயால் சொன்னது எதுவும் நடக்காததற்குச் சமம். தாளில் வந்தால்தான் நடந்தது.

ஆனால் உண்மைக் காரணம் அதுவல்ல. பதினாலாவது பாடம் முடித்திருந்தேன். இறந்த காலம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக, யாரும் அடித்துச் சொல்லித்தராமல், நானாக ஒன்றைக் கற்றிருந்தேன். அந்தக் கடிதத்தை நான் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

நம்பர் போட்ட கடிதம்

நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். கேசட் எங்கே என்று என் பையைப் பார்த்தார். கடிதம், நான் எழுதுகிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்தார். என் ஆசையைக் கெடுக்க மனமில்லை போலிருக்கிறது. சரி என்றார்.

அவர் பேச ஆரம்பித்தால் ஆறு மாதிரி போகும். நான் கையைத் தூக்கி நிறுத்துவேன். மெதுவாக. ஒரு வாக்கியம். எனக்குத் தெரிந்த வார்த்தையில். போகப் போக அவர் என் பாடப் புத்தகம் மாதிரியே பேசத் தொடங்கிவிட்டார். குழந்தைக்கு ஊட்டுவதுபோல.

நான் நலம். ஆஸ்பத்திரி பெரியது. நர்ஸ் நல்லவள். நீங்கள் நலமா? பிள்ளைகள் நலமா? இங்கே மழை பெய்தது.

ஒவ்வொன்றையும் நான் வாசித்துக் காட்ட, தப்பு இருந்தால் அவர் விரலை உயர்த்துவார். திருத்துவேன். பத்து நாளில் ஒன்றரைப் பக்கம். அவர்கள் பாஷையை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் ஆபீஸ் மெஷினிலேயே டைப் அடித்தேன். கம்பெனி பெயர் அச்சிட்ட தாள். மேலே இடது பக்கம் ரெஃபரன்ஸ் நம்பர். கீழே ரப்பர் ஸ்டாம்ப். கார்பன் காப்பி ஃபைலுக்கு. ஒரு மனிதன் தன் பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்துக்கு ரெஃபரன்ஸ் நம்பர் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபது வருஷப் பழக்கம், கை தானாக அடித்தது.

அதைத் தபாலில் சேர்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன்.

அன்றைக்கு அவர் பேசினார். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கிருஷ்ணசூடா மரம் பூத்திருந்தது. அதைப் பார்த்துப் பேசினார். பார்வையாளர் நேரம் முடிய மணி அடிக்கும்வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம். நடுநடுவே ஹலிமோ பெயர் வந்தது. ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் பாட்டு மாதிரி இழுத்தார். நூற்றுக்குப் பத்து வார்த்தைதான் எனக்கு எட்டியது. நோட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு மணி நேரம் எந்த நாடாவிலும் இல்லை. நம் டூ-இன்-ஒன் அப்போது வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

மொம்பாசாவிலிருந்து பதில்

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. கடைக்காரர் எழுதியிருந்தார், என் இங்கிலீஷ் மாதிரியே ஓட்டை இங்கிலீஷில்.

ஹலிமோவுக்குப் படிக்கத் தெரியாது. நான் முகாமுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். இது என் புருஷன் பேச்சு இல்லை என்கிறாள். இப்படி ஒரு வாக்கியம்கூட அவர் வாயில் வராதாம். முத்திரை குத்திய தாளைப் பார்த்துப் பயந்துவிட்டாள். முகாமில் அப்படிப்பட்ட தாள் வருவது யாராவது செத்தால்தான். ஆள் உயிரோடிருந்தால் எல்லோரையும் போலக் கேசட்டில் பேசி அனுப்பட்டும். குரல் கேட்டால் நம்புவாள்.

அதோடு இன்னொன்றும் எழுதியிருந்தார். வர்சமேயின் தம்பி மொம்பாசாவில் நல்ல நிலைமையில் இருக்கிறான். அண்ணன் இறந்துபோயிருந்தால், அவர்கள் வழக்கப்படி அண்ணியைக் கல்யாணம் செய்து, அவளையும் பிள்ளைகளையும் முகாமிலிருந்து கூட்டிப்போகத் தயாராக இருக்கிறான். அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் எதுவும் செய்ய முடியவில்லை. முகாமில் கடைசிப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. தயவுசெய்து குரலை அனுப்புங்கள்.

அன்றைக்குத்தான் ஆபீசில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தின் முன்னுரையைப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில் இருந்தது. இந்த பாஷைக்கு எழுத்து வந்ததே சமீபத்தில்தான். இவர்கள் பேச்சால் வாழ்கிறவர்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேசட்டில் பேசித்தான் அனுப்புவார்கள்.

அவர் கழுத்தில் அப்போது ஒரு துளை. மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. குரல் இல்லை.

பதிலில் இருந்ததைச் சோமாலியில் எழுதி எடுத்துப்போய் வாசித்தேன். எதையும் மறைக்கவில்லை. மறைத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அந்த பாஷை வராது. கேட்டு முடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஃபோட்டோ எடுத்து அனுப்பலாம் என்றேன். கழுத்துத் துளையைக் கையால் மூடிக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினார். கேசட்டில் நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம். கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது என்பது அவருக்கும் தெரியும். ஷிப்ரா-தி சொல்லியிருந்தாள். அவளுக்குச் சோமாலி வேண்டியிருக்கவில்லை.

பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். “கோர்” என்று உதடு அசைந்தது. எழுது.

என்ன எழுத என்றேன். மல்லாந்து படுத்து, கால்களைச் சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டார். போர்வையை இழுத்து முகத்தையும் மூடிக்கொண்டார்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு நாள் போகவில்லை. அம்மாவிடம் சொன்னேன். உயிரோடு இருக்கிற மனுஷனை எப்படிச் செத்துப்போனதாக எழுதுவது என்றேன்.

“பேசணும்னு கேட்டாரு. நீங்க எழுதினீங்க,” என்றாள். “இப்ப எழுதச் சொல்றாரு. இந்தத் தடவையாவது அவரு கேக்கறதச் செய்யுங்க.”

இரண்டாவது

கம்பெனி தாள். ரெஃபரன்ஸ் நம்பர். முத்திரை. எல்லாம் வேண்டும் என்று அவரே கைஜாடை காட்டினார். கார்பன் மட்டும் வைக்கவில்லை. நான் டைப் அடித்த தாள்களில் காப்பி இல்லாதது அது ஒன்றுதான்.

வர்சமே இறந்துவிட்டார். கஷ்டப்படவில்லை. கடைசியாக உங்கள் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் சொன்னார். நல்லபடியாக அடக்கம் செய்தோம்.

கட்டிலருகில் உட்கார்ந்து வாசித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்தி அவர் கையைப் பார்த்தேன். விரலை உயர்த்தவே இல்லை. அதுவரை தப்பில்லாமல் ஒரு பாராவை நான் வாசித்ததே கிடையாது. ஷிப்ரா-தி வழக்கம்போல மாஸ்டர்மொஷாய் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வர்சமே அவளைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினார், பாஸ் என்று.

மழைக்காலத்தில் பதில் வந்தது. ஹலிமோ இந்தக் கடிதத்தை நம்பினாள் என்று எழுதியிருந்தார் கடைக்காரர். வெள்ளை உடுத்தித் துக்கம் காக்கிறாள். நாலு மாதம் பத்து நாள். அது முடிந்ததும் தம்பி அவளைக் கட்டிக்கொள்வான். பிள்ளைகளை இப்போதே மொம்பாசாவுக்கு அழைத்து வந்தாயிற்று. சின்னதுக்கு வைத்தியம் நடக்கிறது. பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று.

அதையும் வாசித்தேன். வெள்ளை உடுத்திய வரியை விட்டுவிடலாமா என்று யோசித்து, விடாமல் வாசித்தேன். அந்த வரியில் கையைத் தூக்கி நிறுத்தினார். இன்னொரு தடவை வாசிக்கச் சைகை காட்டினார். வாசித்தேன்.

அதற்கப்புறம் நாலு மாதத்துக்கு மேலேயே இருந்தார். துர்கா பூஜை வந்தது. பந்தல் மேளச் சத்தம் வார்டுக்குள் கேட்டது. அம்மா ஒரு நாள் சேமியா பாயசம் கொடுத்தனுப்பினாள். இரண்டு ஸ்பூன் இறங்கியது. நான் தினமும் போய் “மா நபத் பா?” என்று கேட்பேன். உதட்டால் “வா நபத்” என்பார். பாடம் எதுவும் நடத்தவில்லை. புத்தகத்தில் இன்னும் பதினொரு பாடங்கள் பாக்கி இருந்தன. நான் படிக்கவில்லை.

குளிர் தொடங்கிய ஒரு காலையில் ஷிப்ரா-தி ஆபீசுக்கு ஃபோன் செய்தாள். கிதர்பூர் மசூதிக்காரர்கள் வந்து எல்லாம் முறைப்படி செய்தார்கள். என்னையும் மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள்.

மத்தியானம் ஆபீசுக்குத் திரும்பிக் கை கழுவினேன். பழக்க தோஷம், மெஷினில் ஒரு தாளைச் செருகிவிட்டேன். நம்பர்கூட அடித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. யாருக்கு எழுதுவது? அந்த வீட்டில் எப்போதோ அழுது முடித்திருந்தார்கள்.